17 லிங்க், 412 ரூபாய்: மேல்மலை தம்பி கேட்ட கேள்வியும் கோத்தகிரியில இருந்து நான் எழுதிட்டே போனதும்

11 ஆகஸ்ட் 2025, வாசகர் கேள்வி

அக்கா வணக்கம். எங்களுக்கு கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர் பக்கம். பூண்டு காடு, சமையல், ஊர் சுத்துறதுன்னு எல்லாம் கலந்த சேனல், 38 ஆயிரம் சப்ஸ்க்ரைபர் இருக்காங்க. ஒவ்வொரு வீடியோ கீழயும் 17 லிங்க் போடுறேன், கேமரா மைக்ல ஆரம்பிச்சு தோசைக்கல்லு வரைக்கும். அந்த லிங்க் வழியா யாராவது வாங்கினா ஆன்லைன் கடை எனக்குக் கமிஷன் தரும், போன மாசம் வந்தது 412 ரூபாய். லிங்க் கூடினா காசு கூடும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இன்னும் கூட்டணுமா, இல்ல வேற கம்பெனிக்கு மாறணுமா?

12 ஆகஸ்ட், இரவு 9.40

கூட்டாதீங்க தம்பி. குறைங்க. கம்பெனி மாறுறதெல்லாம் அப்புறம்.

உங்க கடைசி வீடியோவைப் போய் பாத்தேன், பூண்டுக் குழம்பு. நல்லா இருந்துச்சு, மண்சட்டியில எண்ணெய் பிரிஞ்சு வர்ற இடத்துல கேமராவைக் கிட்ட கொண்டு போயிருந்தீங்க, அந்த சத்தமே போதும். சரி அந்தச் சட்டி எங்க வாங்கினதுன்னு கீழ பாத்தா முதல் வரி வணக்கம், ரெண்டாவது இன்ஸ்டாகிராம், மூணாவது "நான் பயன்படுத்தும் கேமரா", அப்புறம் மைக், ட்ரைபாட், ரிங் லைட். சட்டி 12ஆவது. போன்ல பாக்குறவங்களுக்கு டிஸ்கிரிப்ஷன், அதாவது வீடியோ கீழ நாம எழுதுற விவரம், முழுசா கண்ணுல படாது, "மேலும்"னு அழுத்தித்தான் பாக்கணும். அழுத்தி, 11 லிங்க்கைத் தாண்டி, சட்டியைத் தேடிப் பிடிக்க யாருக்குப் பொறுமை இருக்கு? குழம்பு பாக்க வந்தவங்களுக்கு கேமரா எதுக்கு?

நான் கோத்தகிரியில 5 சேனலுக்கு எடிட்டிங், டிஸ்கிரிப்ஷன், லிங்க் வேலை பாத்துத் தர்றேன். அஞ்சுமே சின்ன சேனல்தான். பசுந்தேயிலை விலையை மட்டும் நம்பி இருக்க வீடுங்க, மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் கூட வந்தா அது கேஸ் சிலிண்டருக்கோ பிள்ளை பீஸுக்கோ ஆகும். அதனால இந்த விஷயத்துல மேலோட்டமா எதையும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வராது.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒன்னுதான். அந்த வீடியோவுல மொத வரியா "இந்த வீடியோவுல குழம்பு வெச்ச மண்சட்டி"ன்னு தமிழ்ல எழுதி பக்கத்துலயே லிங்க் போடுங்க. மீதி 16ஐயும் தூக்கிடுங்க. ஒரு வீடியோவுக்கு ஒரு பொருள்.

12 ஆகஸ்ட், இரவு 11.15

தூக்கம் வரல, மழை. ஒரு பொருள்னு ஏன் சொன்னேன்னு எழுதிடுறேன்.

குன்னூர்ல ஒரு அக்கா சமையல் சேனல் நடத்துறாங்க. அவங்க டிஸ்கிரிப்ஷனும் உங்களோடது மாதிரிதான் இருந்துச்சு, மிக்ஸி, கத்தி, கடாய், நான்ஸ்டிக், ஸ்பூன் செட்டுன்னு மளிகைக் கடை லிஸ்ட் கணக்கா. ஒரு நாள் அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். சாம்பார் எடுத்துட்டு இருக்காங்க, துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்துல போட்டு முக்கா மணி நேரம் ஆச்சு, வேகல. "இந்த ஊர்ல பருப்பு இப்படித்தான், கீழ இருந்து கல்யாணம் ஆகி வந்த புதுசுல நான் அழுதே இருக்கேன்"னாங்க. நான் உடனே அக்கா இதையே எடுங்கன்னேன்.

விஷயம் என்னன்னா உசரம் போகப் போக தண்ணி கொதிக்கிற சூடு குறையும், சுமாரா 300 மீட்டருக்கு 1 டிகிரி. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர், அங்க தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும். குன்னூர் அதைவிட கொஞ்சம் கீழ, ஒரு 94 வரும். கொதிக்குதுன்னு நாம நினைச்சுட்டு இருப்போம், ஆனா பருப்பு வேக வேண்டிய சூடு அங்க இல்ல. குக்கர் மூடியைப் போட்டா உள்ள பிரஷர் ஏறும், சூடு 100ஐத் தாண்டும், அதனால வெந்துடும். அக்கா திறந்த பாத்திரத்துல இருந்து ஒரு பருப்பை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்கினாங்க, நசுங்கல, வழுக்கிட்டு ஓடுச்சு. அப்புறம் குக்கர்ல நாலு விசில் விட்டு அதே மாதிரி ஒன்னை எடுத்து நசுக்கினாங்க, மாவா போச்சு. அவ்வளவுதான், மொத்தமே 12 நொடி. அந்த வீடியோவுல மத்த லிங்க் எல்லாத்தையும் எடுத்துட்டு அவங்க வெச்சிருக்க அதே குக்கருக்கு மட்டும் லிங்க் போட்டோம். அவங்களுக்கு அதுவரைக்கும் ஒரு வருஷத்துல வந்த கமிஷனை அந்த ஒரே வீடியோ மூணு மாசத்துல தாண்டுச்சு. மலையில புதுசா குடி வந்தவங்க, எஸ்டேட் வேலைக்கு மாத்தலாகி வந்தவங்க எல்லாம் "பருப்பு ஏன் வேகல"ன்னு தேடி வர்றாங்க. வரும்போதே வாங்குற எண்ணத்தோட வர்றாங்க.

13 ஆகஸ்ட்

ஒருத்தர் கேட்டிருக்கார், லிங்க் அழுத்தி 24 மணி நேரத்துக்குள்ள வாங்கலைன்னா கமிஷன் இல்லையாமே, நம்ம ஜனங்க யோசிச்சு யோசிச்சு மாசக் கடைசியிலதானே வாங்குவாங்கன்னு.

அமேசான்ல 24 மணி நேரம்ங்கிறது உண்மைதான். ஆனா அந்த 24 மணி நேரத்துக்குள்ள கார்ட்ல போட்டுட்டா போதும், கார்ட் காலாவதி ஆகுறதுக்குள்ள ஆர்டர் பண்ணினாலும் கணக்குல வரும், பொதுவா 89 நாள். அதே மாதிரி குக்கர் லிங்க்ல உள்ள போய் குக்கரை விட்டுட்டு போர்வை வாங்கினாலும் கமிஷன் வரும். குக்கரை விட போர்வைதான் அதிகம் போயிருக்குன்னு ஒரு மாசம் பாத்துட்டு அக்காவுக்கு சிரிப்பு தாங்கல.

கமிஷன் சதவீதமும் பொருளுக்குப் பொருள் மாறும். போன், கேமரா மாதிரி சாமானுக்குக் கம்மி, சமையல் சாமான், துணிமணிக்கு அதைவிடக் கூட. ரேட் பட்டியல் அவங்க பக்கத்துலயே இருக்கு, அப்பப்போ மாத்துவாங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கேமரா லிங்க்கை மொதல்ல எடுக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

15 ஆகஸ்ட், மதியம்

தம்பி இன்னொரு வீடியோவைக் காட்டி "இது ரெண்டு லட்சம் வியூஸ் அக்கா, இதுல லிங்க் போட்டே ஆகணும்"னு எழுதியிருக்கார். இ-பாஸ் எடுப்பது எப்படிங்கிற வீடியோ.

ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து ஊட்டி, கொடைக்கானல் ரெண்டுக்கும் இ-பாஸ் வந்துச்சு, அன்னையில இருந்து இந்த மலையில சேனல் வெச்சிருக்க எல்லாரும் ஆளுக்கு ஒரு இ-பாஸ் வீடியோ போட்டாச்சு. எங்க கூடலூர் பையன், பைக்ல சுத்தி வீடியோ போடுறவன், அவனும் போட்டான், அவன் சேனல்லயே அதுக்குத்தான் வியூஸ் ஜாஸ்தி. அதுல ஜெர்கின், கிளவுஸ், பைக் பேக் எல்லாம் லிங்க் போட்டோம். கமிஷன்னு சொல்லிக்க ஒன்னும் வரல. ஏன்னா பாக்குறவங்க கல்லார் செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்திட்டு அவசரத்துல பாக்குறாங்க, பாஸ் கிடைச்சதும் வீடியோவை மூடிட்டுக் கிளம்பிடுறாங்க. அந்த நேரத்துல ஜெர்கின் யாருக்கு வேணும்? அவன் போட்ட இன்னொரு வீடியோ, டிசம்பர்ல ஊட்டிக்கு பைக்ல வர்றவங்க என்னென்ன எடுத்துட்டு வரணும்னு, வியூஸ் பத்துல ஒரு பங்குகூட இல்ல. கமிஷன் முழுக்க அதுல.

அதனால வியூஸை வெச்சு வீடியோவைத் தேர்ந்தெடுக்காதீங்க. யூடியூப் ஸ்டூடியோவுல உங்க வீடியோவுக்கு என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்திருக்காங்கன்னு காட்டும், அதைப் பாருங்க. "எப்படி வாங்குறது", "எது நல்லது", "என்ன எடுத்துட்டுப் போகணும்", "ஏன் வேகல" இந்த மாதிரி தேடி வந்த வீடியோவுக்குத்தான் லிங்க் வேலை.

இ-பாஸ் வீடியோவையும் வீணாக்க வேண்டாம். கமெண்ட் எல்லாத்துக்கும் மேல நிக்கிற மாதிரி நீங்க பின் பண்ண கமெண்ட்ல "பாஸ் எடுத்தாச்சா, என்ன டிரஸ் எடுத்துட்டு வரணும்னு இங்க பாருங்க"ன்னு அந்த மாதிரி இன்னொரு வீடியோவுக்கு வழி காட்டுங்க. அதுவே போதும்.

17 ஆகஸ்ட்

திருத்தம். பின் பண்ண கமெண்ட்னு சொன்னதைப் பாத்துட்டு ஒரு தங்கச்சி ஷார்ட்ஸ்ல லிங்க் போட்டு, அழுத்தினா ஒன்னும் ஆகலையேன்னு கேட்டிருக்காங்க. நான் தெளிவா சொல்லியிருக்கணும். 2023 ஆகஸ்ட் 31ல இருந்து ஷார்ட்ஸோட கமெண்ட்லயும் டிஸ்கிரிப்ஷன்லயும் போடுற லிங்க் எதையும் அழுத்த முடியாது, வெறும் எழுத்தாத்தான் நிக்கும். ஏமாத்து லிங்க் பெருகிப் போச்சுன்னு யூடியூபே நிறுத்திடுச்சு. நான் சொன்னது நீள வீடியோவுக்கு மட்டும்.

ஷார்ட்ஸ்ல செய்யக்கூடியது, "தொடர்புடைய வீடியோ"ன்னு ஒரு வசதி இருக்கு, அதுல உங்க நீள வீடியோவைக் கட்டி விடுங்க. பருப்பு நசுக்குற அந்த 12 நொடியை அப்படியே ஷார்ட்ஸா போட்டு முழு வீடியோவைக் கட்டினோம், மழைக்காலம் பூரா அதுல இருந்துதான் ஆள் வந்தாங்க.

20 ஆகஸ்ட், இரவு

ரிட்டர்ன் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க. வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டா அந்தக் கமிஷன் கழிஞ்சிடும். ஸ்வெட்டர், ஜெர்கின், ஷூ மூணும் ரிட்டர்ன்ல மொத வரிசை. கூடலூர் பையன் கணக்குல ஒரு மாசம் கிட்டத்தட்ட பாதி இப்படித் திரும்பிப் போச்சு. அப்புறம் வீடியோவுலயே "நான் 5 அடி 8, போட்டிருக்கது எல் சைஸ், உள்ள ஸ்வெட்டர் போட்டா கை தூக்க இறுக்கமா இருக்கு, ஒரு சைஸ் கூட வாங்குங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சான். ரிட்டர்ன் நல்லாவே குறைஞ்சுது.

இதே விஷயத்தை எனக்குச் சொல்லாமச் சொல்லிக் கொடுத்தது கேத்தி பக்கம் கேரட் போடுற ஒரு அண்ணா. அவர் பேட்டரி ஸ்ப்ரேயர் பத்தி வீடியோ எடுத்தாரு, 16 லிட்டர், முதுகுல மாட்டுறது. எடுத்து முடிச்சுட்டு "இதுல ஒரு குறை இருக்கும்மா, சொல்லலாமா"ன்னு கேட்டாரு. பனிக்காலத்துல காலையில எடுத்தா சார்ஜ் சீக்கிரம் இறங்குதாம், மத்தியானம் வெயில்ல நல்லா ஓடுதாம். குளிர்ல பேட்டரி திறன் குறையும், அது எல்லா பேட்டரிக்கும் உள்ளதுதான். நான் கொஞ்சம் தயங்கினேன், குறையைச் சொன்னா யார் வாங்குவாங்கன்னு. அவரு "நம்ம பேச்சை நம்பி வாங்கிட்டு காலையில காட்டுல நின்னுகிட்டு என்னைத் திட்டுவாங்க"ன்னுட்டு சொல்லியே ஆகணும்னுட்டாரு. ராத்திரி வீட்டுக்குள்ள வெச்சு சார்ஜ் போட்டுட்டு, காலையில அரை டேங்க் மட்டும் ஊத்தி எடுத்துட்டுப் போங்கன்னு வழியும் சொன்னாரு. அந்த வீடியோ கமெண்ட்ல கேள்வி கேட்டவங்களுக்கெல்லாம் இன்னைக்கு வரைக்கும் தினம் சாயங்காலம் காட்டுல இருந்து வந்து கை கழுவிட்டு பதில் எழுதுறாரு. எங்க 5 சேனல்ல நின்னு நிதானமா மாசா மாசம் வர்ற வருமானம் அவருடையதுதான். நான் தயங்கினது தப்பு.

31 ஆகஸ்ட்

வாட்ஸாப் குரூப்ல லிங்க் போடலாமான்னு ரெண்டு பேர். போடாதீங்க. மெயில், தனி மெசேஜ், பிடிஎஃப் இதுலயெல்லாம் லிங்க் அனுப்புறதை அமேசான் விதி ஒத்துக்காது. நீங்க பதிவு பண்ணின சேனல், பக்கம், அதுல மட்டும்தான் லிங்க். நம்ம லிங்க்ல நாமளே வாங்குறதும் கூடாது. புதுசா சேந்தவங்களுக்கு 180 நாளுக்குள்ள 3 விற்பனை ஆகணும், இல்லன்னா கணக்கை மூடிடுவாங்க.

இந்த "நாமளே வாங்குறது" எங்க கூடலூர் பையன் வாழ்க்கையில நடந்தது, அது வேற ஒரு ஆன்லைன் கடை, பேர் வேண்டாம். அவன் லிங்க்கை அவன் சித்தி, அத்தை, பக்கத்து வீடுன்னு எல்லாருக்கும் கொடுத்து ஒரே வீட்டு வைஃபையில வரிசையா வாங்க வெச்சிருக்கான், பாசத்துலதான். ஒரு நாள் கணக்கு மூடியாச்சுன்னு மெயில். சேந்து இருந்த காசும் வரல. நாலு தடவை எழுதிக் கேட்டோம், பதில் ஒரே வரி. அந்தப் பையன் ரெண்டு நாள் சாப்பிடல, எனக்கு மனசு கேக்கல, ஏன்னா விதியைப் படிச்சு முன்னாடியே சொல்ல வேண்டியது என் வேலை. அன்னையில இருந்து எந்தக் கடையில சேந்தாலும் மொத நாள் உக்காந்து விதி முழுக்கப் படிச்சு தமிழ்ல ஒரு நோட்ல எழுதிக் கொடுத்துடுறேன்.

7 செப்டம்பர்

தம்பி எழுதியிருக்கார், லிங்க்கைக் குறைச்சுட்டேன் அக்கா, ஆனா எந்த வீடியோவுல இருந்து வருதுன்னே தெரியலைன்னு.

எல்லா வீடியோவுக்கும் ஒரே ட்ராக்கிங் ஐடி போட்டிருப்பீங்க, அதாவது விற்பனை எந்த லிங்க்ல இருந்து வந்துச்சுன்னு காட்டுற அடையாளம். அமேசான்ல ஒரே கணக்குல 100 ஐடி வரைக்கும் வெச்சுக்கலாம், கடைசியில -21னு முடியும். வீடியோவுக்கு ஒரு ஐடி, இல்லன்னா வகைக்கு ஒன்னாவது போடுங்க, சமையலுக்கு ஒன்னு, காட்டு வேலைக்கு ஒன்னு, பயணத்துக்கு ஒன்னு. ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா படம் தெளிவா இருக்கும். எந்த மாடு எவ்வளவு கறக்குதுன்னு தெரியாம எல்லாத்துக்கும் ஒரே அளவு தீவனம் வெச்சா எப்படி?

வீடியோவுக்குள்ள நேரக் குறிப்பும் போடுங்க. 0:00ல ஆரம்பிச்சு குறைஞ்சது மூணு, ஒவ்வொன்னும் 10 நொடிக்கு மேல இருந்தா யூடியூபே அதைப் பகுதி பகுதியா பிரிச்சுக் காட்டும். "4:10 பருப்பு வேகாத காரணம்"னு இருந்தா தேடி வந்தவங்க நேரா அங்க போறாங்க.

24 செப்டம்பர்

அவசரக் குறிப்பு. டிஸ்கிரிப்ஷன்ல யாராவது விலை எழுதி வெச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. 22ஆம் தேதியில இருந்து ஜிஎஸ்டி மாறிடுச்சு, நேத்து அமேசான் பண்டிகை சேலும் ஆரம்பிச்சாச்சு, ரெண்டும் சேந்து ஒரு விலையும் பழைய விலையா இல்ல. விலையை நாமளா கையால எழுதி வைக்கிறது ஏற்கெனவே விதிப்படி தப்பு. குன்னூர் அக்காவோட 3 வீடியோவுல வாய்ல விலை சொல்லியிருக்காங்க, கமெண்ட்ல "நீங்க சொன்ன விலை இல்லையே"ன்னு ஒரே கேள்வி, உக்காந்து ஒவ்வொன்னுக்கும் பதில் போட்டுட்டு இருக்கோம். இனிமே "விலை லிங்க்ல பாத்துக்கோங்க" அவ்வளவுதான்.

5 அக்டோபர்

ஆகஸ்ட்ல ஒரு வீடியோவுக்கு ஒரே பொருள்னு அடிச்சுச் சொன்னேன். யோசிச்சுப் பாத்தா அது முழுசா சரியில்ல. சமையல், காட்டு வேலை வீடியோவுக்கு அது சரி, ஏன்னா அங்க ஒரு பிரச்சினை, அதுக்கு ஒரு சாமான். ஆனா "பனிக்காலத்துல மலைக்கு என்ன எடுத்துட்டு வரணும்" மாதிரி வீடியோவுக்கு வர்றவங்க ஒரு லிஸ்ட்டோடதான் உக்காந்திருக்காங்க, குல்லா, கிளவுஸ், தெர்மல், ஹாட் வாட்டர் பேக், அட்டை கடிக்காம இருக்க நீள சாக்ஸ். அங்க 6, 7 லிங்க் இருக்கலாம், ஆனா வீடியோவுல வர்ற அதே வரிசையில, ஒவ்வொன்னுக்கும் ஒரு வரி காரணத்தோட. "தெர்மல், காலையில படகு சவாரி போறவங்களுக்கு மட்டும் போதும், பகல்ல வேர்க்கும்" இப்படி. லிஸ்ட் போட்டு வாங்குறவங்கதான் எல்லாத்தையும் கார்ட்ல சேத்து வெச்சு கிளம்புற வாரம் ஆர்டர் பண்ணுவாங்க, நான் சொன்ன அந்த 89 நாள் இவங்களுக்குத்தான் உதவும்.

வீடியோவை எப்போ போடணும்ங்கிறதும் இதுல இருக்கு. டிசம்பர் பனிக்கு நவம்பர் மொத வாரமே போட்டாகணும். மே மாச மலர் கண்காட்சிக்கு மார்ச்ல. சீசன் வந்தப்புறம் போட்டா அவங்க ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டு நம்ம ஊர் ரோட்டுல நடந்துட்டு இருப்பாங்க.

12 அக்டோபர்

கமிஷன் வர்றதைச் சொன்னா பாக்குறவங்களுக்கு நம்பிக்கை போயிடாதான்னு கேள்வி.

சொல்லியே ஆகணும். விளம்பரத் தர அமைப்பு ஆஸ்கியோட விதி 2021ல இருந்து இருக்கு, மத்திய நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில வழிகாட்டி கொடுத்துச்சு. மறைச்சா 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல போற வீடியோவுல அந்தப் பொருளைப் பத்திப் பேசுற பகுதி முழுக்க குறிப்பு திரையில இருக்கணும். வெறும் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாது.

விதியை விடுங்க, கேத்தி அண்ணா எப்படிச் சொல்றாருன்னு கேளுங்க: "இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கொஞ்சம் கமிஷன் வரும், உங்களுக்கு விலை ஒன்னும் கூடாது, பக்கத்துக் கடையில கம்மியா கிடைச்சா அங்கயே வாங்கிக்கோங்க." கீழ கமெண்ட்ல ஒரு பெரியவர் "கமிஷன் உனக்கே போகட்டும் தம்பி"ன்னு எழுதியிருந்தாரு. அண்ணா அதை எனக்கு போன் பண்ணிப் படிச்சுக் காட்டினாரு.

2 நவம்பர்

மழையில ரெண்டு வாரம் நெட் சரியில்ல, அதனால எழுதல.

மேல்மலைத் தம்பிக்கு இதை ரொம்ப நாளா சொல்ல நினைச்சேன். நீங்க ஏன் ஊர் பேர் தெரியாத சாமானை மட்டும் வித்துட்டு இருக்கீங்க? உங்க ஊர் மலைப்பூண்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. உங்க வீடியோவுல பாதி நேரம் பூண்டுதான் இருக்கு, பின்னி அடுப்புப் புகையில கட்டித் தொங்க விட்டிருக்கதை நீங்க காட்டினீங்க, கமெண்ட்ல பாத்தா "இது எங்க கிடைக்கும்"னு எத்தனை பேர். கூரியர்ல அனுப்புற ஒருத்தரைப் பிடிச்சு உங்க பேர்ல ஒரு கூப்பன் கோடு போடச் சொல்லுங்க. லிங்க் அழுத்தாம போன்ல கூப்பிட்டு ஆர்டர் பண்றவங்ககூட அந்தக் கூப்பன் கோடைச் சொல்லுவாங்க, கணக்கு தப்பாது. நம்ம ஜனங்க பாதிப் பேர் இன்னும் போன் பண்ணித்தான் வாங்குவாங்க.

ஆனா வாய்ப்பேச்சுல வேண்டாம். இங்க ஒரு தைலக் கடையோட இப்படி வாய்ப்பேச்சுல ஆரம்பிச்சு, ரெண்டு மாசம் கழிச்சு எத்தனை ஆர்டர்னு கேட்டா "அப்படியொன்னும் வரலையே"ன்னாங்க, கமெண்ட்லயே 20 பேர் வாங்கினேன்னு எழுதியிருக்காங்க. எங்ககிட்ட எழுத்துல ஒன்னும் இல்ல, விட்டுட்டோம். சதவீதம் எவ்வளவு, மாசத்துல எந்தத் தேதி, ஆர்டர் விவரத்தை யார் காட்டணும், இந்த மூணும் ஒரு பேப்பர்ல இருக்கட்டும், கையெழுத்தோட.

அப்புறம் பூண்டு கெட்டுப் போய் வந்தா திட்டு உங்களுக்குத்தான் விழும். மொதல்ல உங்க வீட்டுக்கே ரெண்டு தடவை ஆர்டர் பண்ணி எப்படி வருதுன்னு பாருங்க.

3 நவம்பர்

நேத்து எழுதினதுல "உங்க வீட்டுக்கே ஆர்டர் பண்ணுங்க"ன்னது பூண்டுக்காரர்கிட்ட, கூப்பன் போடாம. ஆன்லைன் கடை லிங்க்ல நீங்களே வாங்காதீங்கன்னு ஆகஸ்ட்ல சொன்னது அப்படியே நிக்குது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, ஒருத்தர் கேட்டுட்டார்.

23 நவம்பர்

தம்பி அனுப்பின யூடியூப் ஸ்டூடியோ ஸ்கிரீன்ஷாட்ல பாத்தா பாக்குறவங்கள்ல நல்ல பங்கு வளைகுடா, மலேசியா, இலங்கை. துபாய்ல இருக்கவங்க இந்திய அமேசான் லிங்க்கை அழுத்தி என்ன வாங்குவாங்க? அந்த ஊர் அமேசானுக்கு தனியா சேரணும். இலங்கைக்கு அமேசான் கடையே கிடையாது. அவங்களுக்காக நான் செய்யறது, பொருளோட பேரையும் அளவையும் முழுசா எழுதி வைக்கிறது, "5 லிட்டர், அலுமினியம், வெளி மூடி" இப்படி. காசு வராது. ஆனா அவங்க ஊர்க் கடையில காட்டி வாங்கிப்பாங்க, ஊருக்கு வரும்போது நம்ம லிங்க்ல வீட்டுக்கு அனுப்புறவங்களும் இருக்காங்க.

வரி: கமிஷனுக்கு டிடிஎஸ் பிடிப்பாங்க, அதாவது காசு கொடுக்கும்போதே வரியைக் கழிச்சுடுவாங்க, 2024 அக்டோபர்ல இருந்து 5 சதவீதம் 2 ஆயிடுச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து ஒருத்தர்கிட்ட வருஷத்துக்கு 20,000 தாண்டினாத்தான் பிடிப்பாங்க. பான் நம்பர் கொடுக்காம விட்டா 20 சதவீதம் போயிடும். பிடிச்சது வருமான வரித் துறை வெப்சைட்ல உங்க கணக்குல தெரியும், வருமானம் வரி வரம்புக்குள்ள இருந்தா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். குன்னூர் அக்கா மூணு வருஷமா வாங்காம விட்டிருந்தாங்க.

14 டிசம்பர், காலை 6.20

தம்பி நேத்து ராத்திரி எழுதியிருந்தார், நவம்பர் மாசக் கமிஷன் 2,960 ரூபாய். பூண்டு கூப்பன் தனி, அது இனிமேதான் கணக்குப் பாக்கணுமாம். இதுல ஒரு விஷயத்தைப் பாருங்க, பாதிக்கு மேல வந்தது ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட வீடியோ ஒன்னுல இருந்து, பூண்டு உரிக்கிறதுக்கு அவங்க அம்மா சொன்ன வழி. வியூஸ் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டே இருந்திருக்கு, கீழ இருந்த லிங்க் செத்துப் போய் "இப்போது கிடைக்கவில்லை"ன்னு காட்டிட்டு இருந்திருக்கு. ரெண்டு வருஷமா வந்தவங்க எல்லாரும் அந்த மூடின கதவைத் தட்டிட்டுத் திரும்பியிருக்காங்க. நான் ஆகஸ்ட்லயே பழைய வீடியோவைப் பாருங்கன்னு சொல்லியிருக்கணும், புது வீடியோவையே பேசிட்டு இருந்துட்டேன்.

எல்லாரும் இதைச் செய்யுங்க. ஸ்டூடியோவுல கடைசி 28 நாள்ல அதிகம் பாத்த 10 வீடியோவை எடுங்க, புதுசா பழசான்னு பாக்காதீங்க, ஒவ்வொன்னோட லிங்க்கையும் அழுத்திப் பாருங்க. பொருள் இருக்கா, அதே பொருளா, விற்கிறவர் மாறிட்டாரா. மாசம் ஒரு தடவை, அரை மணி நேர வேலை. எங்க 5 சேனலுக்கு நான் மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை செய்யறேன்.

இப்போ வெளிய பனி விழுந்திருக்கு, தேயிலைச் செடி மேல உப்பு தூவின மாதிரி. கேத்தி அண்ணா போன் பண்ணிட்டாரு, பனி உருகுறதுக்குள்ள ஸ்ப்ரேயரைக் காட்டுல வெச்சு எடுக்கணுமாம், காலைக் குளிர்ல எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு கடிகாரத்தோட. போன வருஷம் வாயால சொன்னதை இந்த வருஷம் காட்டணும்னு நிக்கிறாரு. கிளம்புறேன். தம்பி, அந்த உரிக்கிற வீடியோவுல லிங்க்கை மொத வரிக்குக் கொண்டு வந்தீங்களான்னு மட்டும் எழுதுங்க.